ஒரு கட்டில், இரண்டு ஷிப்ட்

சாவி வர்க்கிக் கடையில் இருக்கும் என்று எழுதியிருந்தாள்.
அரவேனு ஸ்டாப்பில் இறங்கு,
அடுப்பு வாசம் வருகிற பக்கம் நட,
ஜெசிந்தா சிஸ்டர் வீடு என்று சொல்,
வேறெதுவும் கேட்கமாட்டார்கள்.

கேட்டார்கள்.
எந்த ஊர், கல்யாணம் ஆயிடுச்சா,
சொந்தமா, சிநேகிதமா.
ரெண்டுமில்லை என்றேன்.
கடைக்காரர் மாவுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு
சாவியை எடுத்துத் தந்தார்,
சிரிஞ்சு மூடி ஒன்று கோத்த சாவி.

முகம் பார்த்திராத ஒருத்தியின் வீட்டுக்கு
விருதுநகரிலிருந்து நான்கு பஸ் மாறி வந்திருக்கிறேன்.
வாடகை கிடையாது.
பொம்பளையா இருக்கணும், குறட்டை பரவாயில்லை,
ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை கட்டில் காலி.
இவ்வளவுதான் நிபந்தனை.
அக்காவிடம் மட்டும் லாட்ஜ் பேர் ஒன்று இட்டுக்கட்டினேன்.
‘ஹில் வியூ’ என்றேன்,
எந்த மலையில்தான் இல்லை அது.

தேயிலைக்கு நடுவே படிகள்.
பாதியில் ஒரு காட்டெருமை.
அதற்கும் எழுதியிருந்தாள்:
நின்னா நில்லு. அதுக்கு அவசரம் இருக்காது.
நின்றோம், இருபது நிமிடம், இரண்டு பேரும்.
வெள்ளைக் காலுறை போட்ட கால்களோடு
செடிகளின் ஊடே புல்லைத் தேடித் தேடிக் கடித்துவிட்டு
வழிவிட்டது.

வீடென்றால் ஒரே அறை.
சுவரெல்லாம் மருந்துச் சீட்டின் பின்பக்கம்.
ஹீட்டர் பக்கத்தில்: பத்து நிமிஷம், மறக்காம அணை.
ஜன்னலில்: திறக்காதே, குரங்கு.
அரிசி டப்பாவில்: ரெண்டு பேருக்குப் போடு.
கண்ணாடியில்: நல்லாத்தான் இருக்கே.

மூன்று கம்பளி, மூன்றிலும் டெட்டால் வாசம்.
கட்டில் என்னை லேசில் சேர்த்துக்கொள்ளவில்லை.
ஈரத் துணிமேல் படுத்த மாதிரி
முதுகு வழியே ஏறியது குளிர்.
முழங்காலை மடக்கி, புரண்டு, ஒருக்களித்து
பதினோரு மணி வரை மெத்தையில் துழாவியதில்
அகப்பட்டது ஒரு பள்ளம்,
வேறொருத்தியின் இடுப்பு
வருஷக்கணக்காய் அழுத்திய பள்ளம்.
அதற்குப் பிறகு எதுவும் ஞாபகமில்லை.

எட்டேகாலுக்குக் கதவு தட்டினாள்.
நினைத்ததைவிடக் குள்ளம். இடது புருவத்தில் தழும்பு.
“ரெண்டு பிரசவம். ஒண்ணு ரெட்டை” என்றாள்
வணக்கத்துக்குப் பதிலாக.
காராச்சேவுப் பொட்டலத்தை நீட்டினேன்.
சாத்தூர் என்றதும் செருப்பைக்கூடக் கழற்றாமல்
மூன்று கை அள்ளினாள்.
கேஸுக்காவது ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா,
சும்மா தங்கிவிட்டுப் போக
ஒரு மாதிரி இருக்கிறது என்றேன்.

காதில் வாங்கவில்லை.
நான் மடிக்க எடுத்த கம்பளியைப் பறித்தாள்.
“மடிக்காதே, மடிக்காதே.”
நான் எழுந்த பள்ளத்துக்குள் அப்படியே சரிந்து
கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.
“சூடா இருக்கு” என்றாள் கண்ணை மூடியபடி.
“மார்கழி பூரா யாராவது வந்துட்டே இருந்தா தேவலை.”
கொஞ்ச நேரம் கழித்து, பாதித் தூக்கத்தில்:
“வெளிய பூட்டிட்டுப் போ.
பூட்டு தொங்குனா யாரும் தட்டமாட்டாங்க.”

பூட்டினேன்.
பேர் தெரிந்து ஒரு வாரம், முகம் தெரிந்து பத்து நிமிடம்,
தூங்குகிறவளை உள்ளே வைத்து
அவள் வீட்டை நான் பூட்டினேன்.

பத்துப் படி இறங்கியதும் மனசு கேட்கவில்லை.
திரும்ப ஏறிச் சுவரைச் சுற்றிப் போனேன்.
பின்கதவு இருந்தது, உள்ளே தாழிட்டு.
வெளிப்பக்கம் ஒரு சீட்டு,
மழையில் ஊறிக் காய்ந்து, மை கலங்கி:
எனக்கு வழி இருக்கு. பயப்படாம போ.

சாவியைக் கொடுக்கும்போது
“தூங்கிட்டாங்களா?” என்றார் கடைக்காரர்.
பஸ்ஸுக்கு நாலு வர்க்கி கேட்டேன்.
தாளில் சுற்றித் தந்தார்.
காசு நீட்டினேன்.
அவர் மட்டும் வாங்கிக்கொண்டார்,
சில்லறையை இரண்டு தடவை எண்ணி.